ஏஜென்ட் யாருடைய ஆள்?

சித்தப்பாவின் இன்சூரன்ஸ் படிவம் ஒன்றின் நகல் இப்போதும் என் மேசை டிராயரில் இருக்கிறது. கம்பெனி மின்னஞ்சலில் அனுப்பிய ஸ்கேன். குலசேகரம் ஜங்ஷனில் கலரில் பிரிண்ட் எடுத்தேன். இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். உடல்நிலை பற்றிப் பதினொரு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் நீல மையில், ஒரே வேகத்தில் போட்ட டிக். அடியில் சித்தப்பாவின் கையெழுத்து மட்டும் கறுப்பு மையில், தமிழில், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதியது. டிக் போட்ட பேனா வேறு, கையெழுத்துப் போட்ட பேனா வேறு. இதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சித்தப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியற்காலம் மூன்றரை மணிக்குத் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், முந்நூறு மரம் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து ஊற்றிவிட்டு வர பத்து மணி ஆகிவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போதும் வெட்டு இல்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் கொட்டுகிற மலையோரம் எங்களுடையது. அதனால் வருடத்தில் எத்தனை நாள் கூலி கிடைக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பிரீமியம் கட்ட வேண்டிய தேதி மட்டும் மாறாது. ஜூன், டிசம்பர், ஒரு தவணைக்கு ஏழாயிரத்துச் சொச்சம்.

2013-ல் எடுத்த பாலிசி. மூன்று லட்சம், இருபது வருடம். ஒன்பது தவணை ஒழுங்காகக் கட்டினார். பத்தாவது தவணை 2017 டிசம்பரில் வந்தது. அதற்கு முன்பே, நவம்பர் 30-ஆம் தேதி, ஒக்கிப் புயல் வந்துவிட்டது.

ஒக்கி என்றதும் எல்லோருக்கும் கடல்தான் ஞாபகம் வரும். வர வேண்டியதுதான். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைக்காமல் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. மலைப்பக்கமும் அந்தக் காற்று ஆயிரக்கணக்கான ரப்பர் மரங்களை வேரோடு சாய்த்துப் போட்டது. சித்தப்பா வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. மறுமரம் வைத்து அது வெட்டுக்கு வர ஏழு வருடம் வேண்டும். கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். பிரீமியம் நின்றது. பாலிசி லாப்ஸ் ஆனது, அதாவது காலாவதியானது.

2019 பிப்ரவரியில் சித்தி சீட்டுப் பிடித்த பணத்தில் மூன்று தவணையையும் வட்டியையும் கட்டிப் பாலிசியைப் புதுப்பித்தார்கள். புதுப்பிக்கும்போது உடல்நிலை பற்றி மறுபடியும் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். நான் மேலே சொன்ன படிவம் அதுதான். இடைப்பட்ட காலத்தில் சித்தப்பாவுக்குச் சுகர் வந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். அது ஊருக்கே தெரியும். ஏஜென்டுக்கும் தெரியும்.

2021 ஜூலையில், வெட்டு முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. வயது 51.

ஒரு மாதம் கழித்து பைக்கில் ஒருவர் வந்தார். கிளைம் சம்பந்தமாக விசாரிக்க வந்திருக்கிறேன் என்று பணிவாகப் பேசினார். சித்தி அவரை உதவிக்கு வந்தவர் என்றே நினைத்தார். கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். ஓ.பி. சீட்டு, மாத்திரை அட்டை, பழைய ரத்தப் பரிசோதனைத் தாள். அவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு, கட்டன் சாயா குடித்துவிட்டுப் போனார். நவம்பரில் கடிதம் வந்தது, ஆங்கிலத்தில். சர்க்கரை நோயை மறைத்துப் புதுப்பித்ததால் புதுப்பிப்பு ரத்து. ஆகவே 40 தவணையில் 9 தவணை கட்டிய கணக்குக்கு 67,500 ரூபாயும் அதுவரை சேர்ந்த போனஸும் மட்டுமே கிடைக்கும். பணம் சித்தியின் கணக்கில் வந்து விழுந்தும் விட்டது.

“மறைச்சோமா? யாருக்கிட்ட மக்களே மறைச்சோம்?” என்று சித்தி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இன்சூரன்ஸ் சட்டத்தை முதல்முறையாகப் படித்தேன். அதுவரை எனக்கும் அது ஏஜென்ட் பார்த்துக்கொள்கிற விஷயம்தான்.

இன்சூரன்ஸ் கம்பெனியை அரசு ஏன் இவ்வளவு கண்காணிக்க வேண்டும்? கடையில் அரிசி வாங்கினால் அன்றே பொங்கிப் பார்த்துவிடலாம். இங்கே பணத்தை இருபது வருடம் முன்னால் கொடுக்கிறோம். கைக்கு வருவது ஒரு வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றினார்களா என்று பார்க்க, வாங்கியவர் பல நேரம் உயிரோடு இருப்பதில்லை. அதனால் அவர் இடத்தில் அரசு நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1938-ல் வந்தது, வெள்ளைக்காரன் காலத்தில். இன்றைக்கும் திருத்தித் திருத்தி அதே சட்டம்தான் ஓடுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் முதலாளிகள் பாலிசிதாரர் பணத்தைத் தங்கள் சொந்தத் தொழிலுக்குத் திருப்பிவிட்ட கதைகள் நாடாளுமன்றத்தில் வெடித்தன. எம்.பி.யாக இருந்த பெரோஸ் காந்தி அதில் முக்கியமான குரல். 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டை அரசு கையில் எடுத்தது. 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 சேமநலச் சங்கங்கள், ஆக 245 நிறுவனங்களைச் சேர்த்து 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 1-ஆம் தேதி, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் ஊரில் ‘எல்.ஐ.சி.’ என்றால் இன்றும் இன்சூரன்ஸ் என்றே பொருள்.

அரசு கையில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. அடுத்த வருடமே எல்.ஐ.சி. பணம் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு முந்த்ரா என்ற ஒரு தொழிலதிபரின் தள்ளாடும் கம்பெனிப் பங்குகளில் போனது. அதையும் வெளியே கொண்டுவந்தவர் பெரோஸ் காந்திதான். நீதிபதி சாக்லா விசாரித்தார். 1958-ல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இன்றைக்கு ஆயுள் காப்பீட்டு நிதியில் குறைந்தது பாதியாவது அரசுக் கடன் பத்திரங்களிலும் அதற்கு இணையான பத்திரங்களிலும் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கதை ஞாபகம் வருகிறது.

பிறகு 1973-ல் பொதுக் காப்பீடும் அரசுடைமை ஆனது. 1994-ல் அரசு அமைத்த மல்ஹோத்ரா குழு தனியாரை விடலாம் என்றது. 1999-ல் தனிச் சட்டம் போட்டு, 2000-ல் ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்று இப்போது சொல்கிறோமே, அதுதான். தலைமை அலுவலகம் ஐதராபாத்தில். புதிய கம்பெனி தொடங்க நூறு கோடி மூலதனம் வேண்டும். கடன் தீர்க்கும் திறன் எப்போதும் தேவையான அளவைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். அந்நிய முதலீட்டின் உச்சவரம்பு முதலில் 26 சதவீதமாக இருந்தது, அப்புறம் 49 ஆனது, 2021-ல் 74 ஆனது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வருவது இந்தச் சதவீதங்கள்தான். கம்பெனி திவாலாகாமல் பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு பைனான்ஸ் மூடிப் போய் மகள் கல்யாணப் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும் இதன் அருமை. ஆனால் சித்தியின் கேள்வி அங்கே இல்லை. அது 45-வது பிரிவில் இருந்தது.

1938 சட்டத்தில் அந்தப் பிரிவு சொன்னது, பாலிசி தொடங்கி இரண்டு வருடம் ஆன பிறகு, படிவத்தில் தவறு இருக்கிறது என்று கம்பெனி எளிதில் கிளப்ப முடியாது, மோசடி என்று நிரூபித்தாலொழிய. 2015 திருத்தத்தில் இரண்டு மூன்றானது. மூன்று வருடம் தாண்டினால் மோசடி உட்பட எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது. பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்த மூன்று வருடத்தை எங்கிருந்து எண்ணுவது? பாலிசி கொடுத்த நாள், காப்பு தொடங்கிய நாள், புதுப்பித்த நாள், கூடுதல் பலன் சேர்த்த நாள், இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து.

‘புதுப்பித்த நாள்’ என்ற இந்த இரண்டு வார்த்தை மாதச் சம்பளக்காரரை ஒன்றும் செய்யாது. அவருக்கு வங்கியிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். பால் வெட்டுகிறவரை, வாழை போட்டவரை, கட்டுமரத்தில் போகிறவரைத்தான் அது பிடிக்கிறது. மழை பார்த்து வருமானம் வருகிறவருக்கு லாப்ஸ் ஆவதும் புதுப்பிப்பதும் வழக்கமான காரியம். சித்தப்பா எட்டு வருடம் பாலிசி வைத்திருந்தார். சட்டத்தின் கணக்கில் இரண்டு வருடம் ஐந்து மாதம். இந்த ஒரு விஷயத்தில் 2015 திருத்தம் ஏழைகளுக்கு எதிராகப் போய்விட்டது என்பது என் எண்ணம்.

கடற்கரைக்காரர்கள் பாடு இதைவிடக் கொடியது. கடலில் காணாமல் போனவர் ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவரை பாலிசி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் குடும்பம் பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சம்பாதிக்கிறவர் போன வீட்டில் அவர் பெயருக்கு ஏழு வருடம் யார் கட்டுவது? ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கையில் தனியாகப் பாலிசி வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சட்டக் கணக்கு அப்படியே கிடந்தது.

சரி, 45-வது பிரிவுக்கு வருகிறேன். அதை நான் நான்கைந்து தடவை படித்தேன். ஐந்தாவது தடவைதான் நடுவில் ஒளிந்துகிடந்த விளக்கம் ஒன்று கண்ணில் பட்டது. இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி வந்து பேசி முடிக்கிற ஆள், ஒப்பந்தம் உருவாகும் விஷயத்தில் கம்பெனியின் ஏஜென்டாகவே கருதப்படுவார் என்று அது சொல்கிறது. அதற்குச் சற்று மேலே இன்னொன்று: மோசடி என்று சொல்லப்படும் சங்கதி கம்பெனிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் சித்தியின் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து படிவம் நிரப்பியவர் கம்பெனியின் ஆள். அவருக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரிந்தது. நம் ஊரில் ஏஜென்ட் நம்மாளாகத்தான் இருப்பார். பக்கத்துத் தெரு, ஒரே கோயில் அல்லது ஒரே சர்ச், கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற உறவு. அந்த நெருக்கத்தால்தான் நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். கிளைம் வரும்போது கம்பெனியும் ‘நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்’ என்று அவரை நம் பக்கம் தள்ளிவிடுகிறது. சட்டம் அப்படித் தள்ளிவிட இடம் கொடுக்கவில்லை.

எங்கள் ஏஜென்ட் கெட்டவர் இல்லை. அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். “அண்ணே, சுகர் உண்டுன்னு எழுதினா மெடிக்கல் எடுக்கச் சொல்லுவாங்க, பிரீமியம் கூடும், நாளு களியும். அந்த நேரம் அவருக்க கையில பைசா இருந்தது. செலவாயிரக் கூடாதுன்னு நெனச்சேன்” என்றார். இதையே எழுத்தில் கொடுங்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். கொடுக்கவில்லை.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதம் பதில் இல்லையென்றால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லையென்றால், ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற அதிகாரியிடம், போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கக் கூடாது. நாமினி தானே எழுதி, தானே பேச வேண்டும். அப்போது 30 லட்சம் வரையிலான வழக்கை எடுப்பார்கள். 2023-ல் அதை 50 லட்சமாக உயர்த்தினார்கள். அவர் தீர்ப்புச் சொன்னால் கம்பெனி கட்டுப்பட வேண்டும். நமக்குத் திருப்தி இல்லையென்றால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற வழி திறந்தே இருக்கிறது. இத்தனை நல்ல ஏற்பாட்டைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் 2021 வரை தெரியாது.

மனுவில் நான் எழுதிய வாதம் ஒன்றுதான். புதுப்பித்த நாளை முதல் நாளாக எடுத்து மூன்று வருடம் எண்ணுகிறீர்கள். அப்படியானால் புதுப்பிப்பது ஒப்பந்தம் மறுபடி உருவாவதுதான். அப்படி உருவாகும்போது வந்து உட்கார்ந்த ஏஜென்ட் உங்கள் ஆள். படிவத்தை நிரப்பியது அவர் என்பதற்கு மையே சாட்சி. ‘ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழில் விளக்கிச் சொன்னேன்’ என்று அடியில் ஓர் அறிவிப்பு இருக்கிறதே, அதிலும் அவர் கையெழுத்துதான், அதே நீல மை.

2022 மே மாதம் வீடியோவில் விசாரணை. என் லேப்டாப்பைச் சித்தி வீட்டு மேசையில் வைத்தேன். கம்பெனி அதிகாரி ‘இறந்தவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஓம்பட்ஸ்மேன் சித்தியைப் பார்த்து, ஏஜென்டுக்குச் சுகர் விஷயம் தெரியும் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று தமிழில் கேட்டார். சித்தி சேலைத் தலைப்பை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஐயா, அந்தத் தம்பி பைசா வாங்க வரும்பம் எல்லாம் சாயா குடுப்பேன். அவருக்கு சீனி போட்டது, எங்க வீட்டுக்காரருக்கு சீனி இல்லாதது. ரெண்டும் ஒரே தட்டுலதான் கொண்டு வைப்பேன். எந்த கிளாஸ் யாருக்குன்னு நான் சொல்லண்டாம். அந்தத் தம்பியே பாத்து எடுக்கும்.”

இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் தீர்ப்பு தபாலில் வந்தது. வேண்டுமென்றே மறைத்ததாக நிரூபிக்கப்படவில்லை, மீதி 2,32,500 ரூபாயை உரிய போனஸோடு 30 நாளில் கொடுக்க வேண்டும். தீர்ப்பில் சாயா பற்றி ஒரு வரியும் இல்லை. 45-வது பிரிவின் அந்த விளக்கம் இருந்தது.

ஜெயித்தோம். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. எல்லாம் தொடங்கியது மொழியில். 2002-ல் ஆணையம் போட்ட பாலிசிதாரர் நல விதிகளைத் தேடிப் படித்தேன். படிவங்களை அரசியல் சட்டம் அங்கீகரித்த மொழிகளில் சூழ்நிலையைப் பொறுத்துக் கொடுக்கலாம் என்றது. படிவத்தை வேறொருவர் நிரப்பினால், விளக்கிச் சொல்லப்பட்டது என்று ஒரு சான்று சேர்க்கலாம் என்றது. இரண்டு இடத்திலும் ‘லாம்’. மூலதனம் என்று வந்தால் ‘வேண்டும்’, கடன் தீர்க்கும் திறன் என்று வந்தால் ‘வேண்டும்’. சித்தப்பா தன் வாழ்நாளில் போட்ட மிகப் பெரிய கையெழுத்துக்கு ‘லாம்’.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024-ல் கொண்டுவந்த விதிகளில் பாலிசியோடு ஒரு தகவல் தாள் கொடுக்க வேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியில் கொடுக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. பாலிசி கைக்கு வந்து பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம். மருத்துவக் காப்பீட்டில் ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடியை நிரூபித்தாலன்றி, பழைய நோயை மறைத்தாய் என்று சொல்ல முடியாது. முன்பு அது எட்டு வருடம். ஒவ்வொன்றும் நல்ல மாற்றம். ஆனால் ‘கேட்டால்’ என்ற வார்த்தை இருக்கிறதே, யார் கேட்பார்? கேட்கலாம் என்று யார் சொல்லிக் கொடுப்பார்? கையெழுத்துப் போடுகிற படிவமே, நாம் கேட்காமலே, நம் மொழியில் வர வேண்டும். ஐதராபாத்தில் இருக்கிறவர்களிடம் எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். எழுதி அனுப்பியும் இருக்கிறேன்.

அதுவரை என்னால் முடிந்தது, தெரிந்தவர்களிடம் சொல்வது. படிவத்தை நீங்களே நிரப்புங்கள். முடியாவிட்டால் உங்கள் பிள்ளையை வைத்து நிரப்புங்கள். நோய் இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுப்பது கம்பெனியின் கடமை. லாப்ஸ் ஆகிப் புதுப்பித்தால், அன்று கொடுக்கிற படிவத்தைப் புதுப் பாலிசிக்குக் கொடுப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சித்தி மகன் ஒரு பாலிசி எடுக்க நினைத்தான். அதே ஏஜென்ட் இல்லை, மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். சித்தி சாயா கொண்டு வைத்தார். அவள் விரலால் தள்ளித் தள்ளி, ‘இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு’ என்றாள்.

“தமிழ்ல இல்லியா மக்களே?” என்று சித்தி கேட்டார்.

அவள் ஆபீசுக்குப் போன் போட்டாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, “இருக்கு அம்மா. ஆனா அனுப்பி வைக்க ரெண்டு நாள் ஆகுமாம்” என்றாள்.

“அப்பம் ரெண்டு நாள் களிஞ்சு வா மக்களே” என்றார் சித்தி. “சாயாவக் குடிச்சிட்டுப் போ.”